தைக்கோவை மற்ற இசையோடு கலப்பது: எது எடுபடுகிறது, எது வெறும் சத்தம்?

#1 பழைய கேசட் (மதுரை)

வணக்கம் மக்களே. தாளவாத்தியப் பகுதி ரொம்ப நாளாகத் தூங்கி வழிகிறது. ஒரு சண்டையைத் தொடங்கி வைக்கிறேன்.

ஜப்பானின் சாடோ தீவைச் சேர்ந்த கொடோ என்ற தைக்கோ (ஜப்பானிய முரசு) குழுவின் இரண்டு ஆல்பங்களை இந்த வாரம் அடுத்தடுத்துக் கேட்டேன். ஒன்று 1996இல் வந்த 'இபுகி', தயாரிப்பு பில் லாஸ்வெல். இன்னொன்று 2001இல் வந்த 'மோண்டோ ஹெட்', தயாரிப்பு கிரேட்ஃபுல் டெட் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட். இரண்டாவதில் ஜாகிர் உசேன், ஜியோவானி ஹிடால்கோ என்று பெரிய கைகள் எல்லாம் வாசித்திருக்கின்றன. ஆள்பலத்தைப் பார்த்தால் அதுதான் தூக்கிச் சாப்பிட வேண்டும். எனக்கோ இபுகியைத்தான் திரும்பத் திரும்பப் போடத் தோன்றுகிறது. மோண்டோ ஹெட்டில் எல்லாரும் எல்லா நேரமும் வாசிக்கிறார்கள். ஒரு பெரிய தைக்கோவை அடித்து நிறுத்தியதும் வருகிறதே ஓர் இடைவெளி, பாதி இசையே அதில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு கொங்கா (கியூபாவின் கைமுரசு) வந்து உட்கார்ந்துகொள்கிறது. இல்லையென்றால் யாராவது பாடத் தொடங்கிவிடுகிறார்கள்.

என் கட்சி இதுதான்: நூற்றாண்டுகளாகக் கோயிலிலும் திருவிழாவிலும் தனித்து நின்ற கலையை இழுத்து வந்து ஜாஸ், ராக், எலக்ட்ரானிக் என்று எதோடாவது முடிச்சுப் போடுவதில் தைக்கோவுக்கு ஒரு லாபமும் இல்லை. லாபமெல்லாம் எதிரில் இருப்பவருக்கு. மறுப்பவர்கள் வரலாம், ஒரு கை பார்ப்போம்.

#2 நிஷிகசாய் தமிழன் (டோக்கியோ)

அண்ணே, "நூற்றாண்டுகளாகத் தனித்து நின்ற" என்ற இடத்திலேயே வண்டி குடை சாய்ந்துவிட்டது.

மேடையில் பத்துப் பதினைந்து பேர் பெரியதும் சிறியதுமாக முரசுகளை வைத்துக்கொண்டு அடிக்கிறார்களே, அந்தக் கூட்டு வடிவத்துக்குப் பெயர் குமிதைக்கோ. அதற்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. 1951இல் நாகானோ மாகாணத்துச் சுவா பகுதியில் ஓகுச்சி டைஹாச்சி என்பவர் தொடங்கியது. அவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஜாஸ் டிரம்மர். சுவா கோயிலின் பழைய தைக்கோ இசைக்குறிப்பு ஒன்றை வாசித்துக் காட்டும்படி அவரிடம் கேட்டார்கள். வாசித்துப் பார்த்தால் அவர் காதுக்குச் சப்பென்று இருந்தது. டிரம் செட்டில் ஒரே ஆள் கையாலும் காலாலும் செய்வதைப் பல ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. கணீரென்ற சின்ன ஷிமே தைக்கோ அடித்தளத் தாளத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், நடுத்தர நாகாடோ அதன்மேல் பேசும், பெரிய ஓடைக்கோ கீழே இருந்து தாங்கும். ஸ்னேர், டாம், பேஸ் டிரம் மூன்றையும் கழற்றி மூன்று பேர் கையில் கொடுத்த கதைதான்.

அவருடைய ஓசுவா டைக்கோ குழு 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் கலைவிழாவில் வாசித்தது. அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் குழுக்கள் கிளம்பின. அதற்கு முன்னால் தைக்கோ என்றால் திருவிழாத் தேரில் புல்லாங்குழலோடு ஒன்றிரண்டு முரசு, கபுகி நாடகத்தில் திரைக்குப் பின்னால் சில, முன்னோரை நினைக்கும் போன் விழா நடனத்துக்கு நடுவில் ஒன்று. அவ்வளவுதான். அங்கேயும் அது தனியாக இல்லை. குழலும் பாட்டும் ஆட்டமும் கூடவே இருக்கும். தைக்கோ 'தனித்து' நின்றதே இந்தப் புது வடிவத்தில்தான்.

இன்னொன்று. 1969இல் டென் தாகாயாசு என்பவர் சாடோ தீவில் ஒண்டெக்கோசா என்ற குழுவை உருவாக்கினார். ஓட்டமும் முரசும் ஒன்றே என்று நம்பிய ஆள். 1975இல் பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்த கையோடு இவர்கள் தைக்கோ அடித்தார்கள், அமெரிக்கர்கள் வாயைப் பிளந்தார்கள். அடுத்த வருடம் மாகி இஷி என்ற இசையமைப்பாளர் இவர்களுக்காக 'மோனோகுரோம்' எழுதினார். பெர்லினில் படித்தவர், மேற்கத்திய நவீன இசையில் ஊறியவர். ஏழு ஷிமே தைக்கோ, மழை தூறுகிற மாதிரி மெல்லத் தொடங்கி ஏறும். அதே 1976இல் இவர் எழுதிய 'மோனோ பிரிசம்' என்ற படைப்பை ஒண்டெக்கோசாவும் பாஸ்டன் சிம்பொனியும் சேர்ந்து அமெரிக்காவின் டாங்கிள்வுட் இசைவிழாவில் வாசித்தார்கள், நடத்தியவர் செய்ஜி ஒசாவா. இந்த ஒண்டெக்கோசாவிலிருந்து பிரிந்து வந்தவர்கள்தான் 1981இல் பெர்லினில் அரங்கேறிய உங்கள் கொடோ. மோனோகுரோமை அவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். அதைக் கேட்டு "ஆகா, பாரம்பரியம்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்பவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

#3 பழைய கேசட் (மதுரை)

தம்பி, வடிவம் புதுசு, ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் வாசிக்கிற சரக்கு பழசுதானே? சிச்சிபு, மியாகே, ஹாச்சிஜோ எல்லாம் ஊர்த் திருவிழாத் தாளங்கள். அவற்றை ஓகுச்சி உண்டாக்கவில்லை.

#4 நிஷிகசாய் தமிழன் (டோக்கியோ)

பழசுதான். ஆனால் மேடைக்கு வந்தபோது அப்படியே வரவில்லை. சிச்சிபுவில் டிசம்பர் 3ஆம் தேதி இரவுத் திருவிழா நடக்கும். தேருக்குள்ளே இடுக்கான இடத்தில், வெளியே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்துதான் முரசடிப்பார்கள். அதை எடுத்துக்கொண்ட ஒண்டெக்கோசா என்ன செய்தது? வாசிப்பவரைத் தரையில் பாதி சாய்ந்த நிலையில் உட்காரவைத்து, வயிற்றுத் தசை துடிக்க அடிக்கவிட்டது. உலகம் முழுக்கப் புகைப்படங்களில் பார்ப்பது இந்த மேடைக் காட்சியைத்தான். சிச்சிபுக்காரருக்கு அது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

#5 கஞ்சிராக்காரன் (திருச்சி)

வரலாற்றுச் சண்டையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நான் தாளத்துக்கு வருகிறேன். கலப்பு எடுபடுவதும் படாததும் அங்கேதான் முடிவாகிறது.

தைக்கோவில் ஜிஉச்சி என்று ஒன்று உண்டு. ஒருவர் ஷிமேயில் விடாமல் ஓட்டுகிற அடித்தளம். எழுதிப் பார்த்தால் எளிமை, இரண்டு இரண்டாகப் போகும். ஆனால் திருவிழாத் தாளங்களில் அந்த இரண்டு அடிகளும் சமமாக இருக்காது. முதலாவது கொஞ்சம் நீண்டு, அடுத்தது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். சதுஸ்ரமும் (நான்கின் நடை) இல்லை, திஸ்ரமும் (மூன்றின் நடை) இல்லை, நடுவில் எங்கோ நிற்கும். எவ்வளவு சாய்வு என்பது ஊருக்கு ஊர் வேறு, வேகம் ஏற ஏற அதுவும் மாறும். இதை எண்ணிப் பிடிக்க முடியாது, வாயால் சொல்லிச் சொல்லித்தான் பிடிக்க முடியும். அங்கேயும் நம் கொன்னக்கோல் மாதிரி சொற்கட்டு இருக்கிறது: தோலின் நடுவில் அடித்தால் 'தோன்', வேகமாக இரண்டு விழுந்தால் 'தொகோ', விளிம்பு மரத்தில் தட்டினால் 'கா'.

இப்போது இந்தச் சாய்வான தாளத்தைக் கணினியில் ஏற்றி, கட்டத்துக்குள் நேராக்கி, கீழே ஒரு எலக்ட்ரானிக் பீட் போடுகிறார்கள். முதலில் செத்துப்போவது அந்தச் சாய்வுதான். மிஞ்சுவது பெரிய தோலின் சத்தம் மட்டும். கேட்பவருக்குத் 'தைக்கோ இருக்கிறது' என்று படும், தைக்கோவின் நடை இருக்காது.

இதற்கு நேர் எதிர் ஹாச்சிஜோ பாணி. ஒரே முரசு, இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆள். ஒருவர் அடித்தளத்தைப் பிடிப்பார், மற்றவர் அதன்மேல் மனம்போனபடி கற்பனை செய்வார். இது ஜாஸ்காரனுக்கும் புரியும், தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்த நமக்கும் புரியும், கியூபாக்காரனுக்கும் புரியும். வெளி ஆள் வந்து உட்கார இடம் ஏற்கெனவே வடிவத்துக்குள் இருக்கிறது. ஆகவே பழைய கேசட் அண்ணனின் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம்: எந்தத் தைக்கோவைக் கலக்கிறீர்கள்? 'மோனோகுரோம்' போல இடைவெளியை நம்பி நிற்பதையா, ஹாச்சிஜோ போலப் பேச்சுக்கு ஆள் தேடுவதையா?

#6 மிக்சர் மேசை (சிங்கப்பூர்)

மேடை ஒலி என் தொழில். நீங்கள் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்: பல கலப்புகள் இசையால் தோற்பதில்லை, ஸ்பீக்கரில் தோற்கின்றன.

ஒரு கலைவிழாவில் தைக்கோ குழு ஒன்றும் ஃபங்க் பேண்ட் ஒன்றும் சேர்ந்து வாசித்தன. ஒத்திகையில் ஸ்பீக்கர் இல்லாமல் கேட்டபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. மாலையில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டால் கூழ். ஏன்? ஓடைக்கோ, பேஸ் கிட்டார், டிரம் செட்டின் கிக் மூன்றும் அடிச்சுருதியில், நூறு ஹெர்ட்சுக்குக் கீழே, ஒரே குழாயடியில் மூன்று குடத்தோடு நிற்கின்றன. யாராவது ஒருவர் ஒதுங்கியே ஆக வேண்டும். அன்று ஏற்பாட்டாளர்கள் தைக்கோ "மாஸாக" இருக்க வேண்டும் என்று கேட்டார்கள், பேஸ் வாசித்தவர் தன்னைக் கேட்கவே இல்லை என்று சண்டை பிடித்தார். கிக் டிரம்மைப் பாதிப் பாட்டுக்கு மூடிவைத்துச் சமாளித்தேன்.

அடுத்தது சுருதி. நாகாடோவின் தோலை ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள், பாட்டுக்குப் பாட்டு மாற்ற வழியே கிடையாது. நம்மூர் ஈரக்காற்றில் தொய்யும், குளிர்சாதன அரங்கில் இறுகும். அதற்கென்று ஒரு முழக்கம் உண்டு, அது அன்றைக்கு எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதுதான். பாட்டு வேறு சுருதியில் இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் உறுத்தும். ஷிமேயும் ஒகேடோவும் கயிறோ போல்ட்டோ போட்டு இறுக்குகிறவை, அவற்றைச் சரிசெய்யலாம். தோளில் மாட்டிக்கொள்கிற ஒகேடோ பேண்டுகளில் அதிகம் தென்படுவதற்கு நடமாட வசதி மட்டும் காரணமில்லை.

மைக் வைக்கிறவர்களுக்கு ஒரு வரி: முன்தோலுக்கு ஒன்று, பின்தோலுக்கு ஒன்று என்று வைத்தால் ஒன்றின் துருவத்தை (polarity) மாற்றிப் போடுங்கள். முன்தோல் உள்ளே போகும்போது பின்தோல் வெளியே வரும். மாற்றாவிட்டால் அடிமுழக்கம் ஒன்றையொன்று தின்றுவிடும், "இவ்வளவு பெரிய டிரம், இவ்வளவு சின்னச் சத்தமா" என்று உங்களைத்தான் பார்ப்பார்கள்.

#7 டிரெய்லர் ரசிகன்

எனக்குத் தெரிந்த தைக்கோ எல்லாம் படத்து டிரெய்லரில் வரும் டம்... டம்... டம்டம்டம்தான். நல்லாத்தானே இருக்கு?

#8 கஞ்சிராக்காரன் (திருச்சி)

அதில் பெரும்பாலும் ஆளே இல்லை தம்பி. சாம்பிள் தொகுப்பு. யாரோ ஒருவர் ஸ்டுடியோவில் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று தனித்தனியாக அடித்துப் பதிந்து கொடுத்ததைக் கீபோர்டில் அழுத்துகிறார்கள். போர் என்றால் ஒரு அழுத்து, பூகம்பம் என்றால் ஒரு அழுத்து, நாயகன் காரிலிருந்து இறங்கினால் ஒரு அழுத்து. ஹாலிவுட்டில் தொடங்கி நம் கோடம்பாக்கம் வரைக்கும் இதே கதைதான். இதைக் கலப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆள் அடித்ததற்கு நம் பக்கத்து உதாரணம் வேண்டுமா? 2009 ஆஸ்கர் மேடையில் ரகுமான் பாடினாரே, அன்று கூட வாசித்தவர்களில் லாஸ் ஏஞ்சலஸின் தைக்கோ புராஜெக்ட் குழுவும் உண்டு.

#9 வடக்கு வீதி (டொரண்டோ)

இடையில் ஒரு விஷயம். முரசின் தோலைப் பதப்படுத்தியவர்கள் யார் என்று இங்கே ஒருவரும் பேசவில்லை. ஜப்பானில் தோல் வேலை தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களின் தொழிலாக இருந்தது. கோயில் முரசை அவர்கள் செய்வார்கள், அதை அடிக்கும் பெருமை மற்றவர்களுக்கு. ஒசாகாவின் நானிவா பகுதி முரசு செய்வதற்குப் பேர்போனது. அங்கே அந்தச் சமூகத்து இளைஞர்களே 1987இல் 'இகாரி' என்று ஒரு குழு தொடங்கி, தாங்கள் செய்யும் முரசைத் தாங்களே அடிக்கத் தொடங்கினார்கள். பறையின் கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உலகமெல்லாம் கூட்டிக் கலக்கும்போது இந்தப் பகுதி மட்டும் ஆல்பத்தின் குறிப்பேட்டில் வருவதே இல்லை.

#10 மட்டுறுத்துநர்

நல்ல கருத்து. பறை பற்றித் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது, நீட்டிப்பவர்கள் அங்கே நீட்டலாம். இங்கே தைக்கோவோடு நிற்போம்.

#11 சிங்கைச் செல்வி (சிங்கப்பூர்)

எல்லாரும் ஜப்பானை மட்டும் பேசுகிறீர்கள். தைக்கோவை நிஜமாகவே வேறு இசையோடு பிசைந்தவர்கள் அமெரிக்காவின் ஜப்பானிய வம்சாவளியினர். அவர்களுக்குக் கலப்பு என்பது வீட்டுச் சூழ்நிலை.

1968இல் செய்ஜி... மன்னிக்க, சேய்இச்சி தனாகா ஜப்பானிலிருந்து வந்து சான் பிரான்சிஸ்கோவில் பள்ளி தொடங்கினார். அடுத்த வருடமே லாஸ் ஏஞ்சலஸின் சென்ஷின் பௌத்தக் கோயிலில் கின்னாரா என்ற குழு. நல்ல நாகாடோ ஒரே மரத்தைக் குடைந்து செய்வது, விலை யானை விலை. இவர்கள் கலிபோர்னியாவின் ஒயின் பீப்பாய்களை வாங்கித் தோல் பூட்டினார்கள். அதன்பின் அமெரிக்கக் குழுக்கள் பலவற்றுக்கு அதுவே வழியானது. 1973இல் சான் ஹோசே தைக்கோ வந்தது. அதன் ஆட்கள் லத்தீன் தாளமும் சோல் இசையும் கேட்டு வளர்ந்தவர்கள், எழுதிய உருப்படிகளில் அதெல்லாம் தானாகவே வந்தது. 'வெளிநாட்டு இசையைச் சேர்த்தோம்' என்று அவர்கள் சொல்ல முடியாது, அது அவர்கள் தெருவின் இசை. 1974இல் தொடங்கிய ஹிரோஷிமா என்ற பேண்ட் கொட்டோ யாழையும் தைக்கோவையும் ஜாஸ் ஃபியூஷனுக்குள் கொண்டுபோய் வைத்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் கென்னி எண்டோ. லாஸ் ஏஞ்சலஸில் டிரம் செட் வாசித்தவர். 1980இல் ஜப்பானுக்குப் போய் பத்து வருடம் தங்கி, கபுகியின் ஹயாஷி (வாத்தியக்குழு) மரபு, திருவிழாத் தாளம், மேடைத் தைக்கோ மூன்றையும் முறையாகக் கற்றார். அந்தச் செவ்வியல் மரபில் பட்டப்பெயர் பெற்ற முதல் வெளிநாட்டவர் அவர்தான். அப்புறம் ஹவாய்க்குப் போய்க் குடியேறினார். அங்கே அந்த மண்ணின் பஹூ முரசோடு சேர்த்து ஓர் உருப்படி எழுதினார், 'யுமே நோ பஹூ'. கேட்டுப் பாருங்கள். பஹூ நடக்கும்போது தைக்கோ பின்னால் நகர்ந்து நிற்கும். கூட வாசிப்பவரின் இசையையும் தன் இசையையும் இரண்டு பக்கமும் படித்த ஆள் செய்கிற வேலை அது. விமானத்தில் வந்து இரண்டு நாள் ஸ்டுடியோவில் அடித்துவிட்டுப் போகிற கூட்டணியில் இது வராது.

#12 பழைய கேசட் (மதுரை)

> விமானத்தில் வந்து இரண்டு நாள் ஸ்டுடியோவில் அடித்துவிட்டுப் போகிற கூட்டணியில் இது வராது

செல்வி அக்கா என் பக்கம் வந்துவிட்டார், நன்றி! நான் சொல்லவந்ததே இதைத்தான். பெயர்களைக் கூட்டிச் சேர்ப்பதுதான் உலக இசை என்று ஒரு காலம் இருந்தது. ரெக்கார்டுக் கடையில் அதற்கென்று ஒரு தட்டு, அந்தத் தட்டுக்கு ஏற்ற சரக்கு.

#13 சிங்கைச் செல்வி (சிங்கப்பூர்)

உங்கள் பக்கம் எல்லாம் வரவில்லை சார். கலக்கவே கூடாது என்றீர்கள் நீங்கள். படித்துக் கலக்கலாம் என்கிறேன் நான். இரண்டுக்கும் நடுவில் கடலே இருக்கிறது.

சாடோவிலேயே கொடோ 1988 முதல் 'எர்த் செலிப்ரேஷன்' விழாவை நடத்துகிறது. வெளிநாட்டுக் கலைஞர்கள் ஒகி என்ற சின்னத் துறைமுக ஊருக்கு வந்து, தங்கி, ஒத்திகை பார்த்து, மேடையேறுகிறார்கள். புருண்டியின் முரசுக்காரர்களும் வந்தவர்கள்தான். பாதி கூட்டணிகள் அந்த ஒரு மாலையோடு முடிந்துவிடும், அதனால் என்ன? எல்லாவற்றையும் ஆல்பமாகப் போட்டே ஆக வேண்டுமா?

#14 வடக்கு வீதி (டொரண்டோ)

உரிமைப் பிரச்சினையும் இருக்கிறதே. 1999இல் டோக்கியோவின் ஓஎடோ சுக்கெரொக்கு குழு வட அமெரிக்கக் குழுக்களுக்குக் கடிதம் எழுதியது. எங்கள் உருப்படிகளையும், சாய்வான தாங்கியில் முரசை வைத்து அடிக்கும் எங்கள் பாணியையும் அனுமதியில்லாமல் பயன்படுத்தாதீர்கள் என்று. பெரிய சலசலப்பு. ஒரு பக்கம், அந்தப் பாணியை அவர்கள் உழைத்து உருவாக்கியது உண்மை. மறுபக்கம், அது போன் நடன முரசிலிருந்து வளர்ந்தது, ஊரார் சொத்து. மரபு என்று சொன்னால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், புதுப் படைப்பு என்று சொன்னால் அனுமதி கேட்க வேண்டும். தைக்கோ இரண்டுமாக இருக்கிறது.

#15 கஞ்சிராக்காரன் (திருச்சி)

இந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, ஒரு முரசடிக்கும் கோணத்துக்குச் சொந்தக்காரர் உண்டா என்று கேட்க வைத்ததுதான். மிருதங்கத்தைப் படுக்க வைத்தவர் யார் என்று யாராவது பில் அனுப்பினால் நாம் என்ன ஆவது!

#16 டிரெய்லர் ரசிகன்

சரி பெரியவங்களே, ராக்கோடு தைக்கோ இருக்கிற நல்ல சரக்கு எதாவது சொல்லுங்க. வரலாறு போதும்.

#17 நிஷிகசாய் தமிழன் (டோக்கியோ)

வகாக்கி பேண்ட். எட்டுப் பேர்: கிட்டார், பேஸ், டிரம் செட் ஒரு பக்கம், கொட்டோ, ஷாகுஹாச்சி (மூங்கில் குழல்), சுகாரு ஷாமிசென் (மூன்று தந்தி வாத்தியம்), தைக்கோ மறுபக்கம், நடுவில் ஷிகின் (கவிதையைப் பாடும்) மரபில் பயின்ற பாடகி சுசுஹனா யூகோ. 2014இல் போட்ட 'செம்போன்சகுரா' காணொளி பத்துக்கோடி பார்வையைத் தாண்டியது. 2024 முடிவோடு காலவரையின்றி நிறுத்திவிட்டார்கள், வருத்தம்தான். கச்சேரிகளில் டிரம் செட் வாசிக்கும் வசாபியும் தைக்கோ வாசிக்கும் குரோனாவும் மோதிக்கொள்கிற ஒரு பகுதி வரும். அதைப் பாருங்கள். பாட்டுக்குள் தைக்கோ பாதி நேரம் அலங்காரம்தான், ஒளிவதற்கு இடமில்லாத அந்த மோதலில்தான் அதன் கை தெரியும்.

எலக்ட்ரானிக் பிடிக்கும் என்றால் கோக்கூ. அசானோ கவோரி தலைமையில் 1997இல் தொடங்கிய டோக்கியோ குழு. கூடவே டிட்ஜெரிடூ (ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட ஊதுகுழல்) இருக்கும். இவர்கள் கணினிக்கு ஏற்றபடி தைக்கோவை நேராக்கவில்லை, டிரான்ஸ் இசை கணினியில் செய்வதைக் கையாலேயே செய்கிறார்கள்: ஒரே வட்டம், நீண்ட ஏற்றம், நடனம். 'மேட்ரிக்ஸ் ரீலோடட்' படத்தில் தேநீர் இல்லச் சண்டைக்கு ஜூனோ ரியாக்டரோடு இவர்கள் வாசித்ததைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள், பெயர் தெரியாமல்.

கொடோவே 'இபுகி'யை 1999இல் பிரித்துப் போட்டு ரீமிக்ஸ் ஆல்பம் விட்டது, 'சாய்சோ'. டீஜே கிரஷ் எல்லாம் கைவைத்தார். 2017இல் ஹட்சுனே மிகுவோடு, அதாவது ஆளே இல்லாத கணினிக் குரலோடு, மேடையேறினார்கள். அண்ணனுக்கு நெஞ்சுவலி வரும், எதற்கும் உட்கார்ந்து படியுங்கள்.

#18 பழைய கேசட் (மதுரை)

மாத்திரை போட்டுவிட்டேன், மேலே சொல்.

#19 நிஷிகசாய் தமிழன் (டோக்கியோ)

சொல்கிறேன். கஞ்சிராக்காரர் பேசிய சாய்வைப் பற்றி.

எங்கள் பகுதிச் சமூகக் கூடத்தில் வாரம் ஒருமுறை தைக்கோ வகுப்பு. எனக்கு ஷிமே கொடுத்தார்கள், ஜிஉச்சி வேலை. சின்னக் கோல், மணிக்கட்டு மட்டும்தான் அசைய வேண்டும். இன்னொரு மாணவர் கணினியில் பேஸ் தடம் ஒன்று செய்து கொண்டுவந்தார், ஆண்டு விழாவில் அதோடு சேர்ந்து வாசிக்கலாம் என்று. என் காதில் கருவி, அதில் டிக் டிக். நான் அதற்குள் அச்சாக உட்கார்ந்தேன், ஒரு அடி பிசகவில்லை. சென்சே (ஆசிரியர்) கையை நீட்டி நிறுத்தினார். கருவியைக் கழற்றச் சொன்னார். கணினித் தடத்தை மட்டும் ஸ்பீக்கரில் விட்டு, அதன்மேல் வாயாலேயே சொற்கட்டைச் சொன்னார்: தோன், தொகோ, தோன், தொகோ. ஒவ்வொரு 'கோ'வும் டிக்குக்கு இத்துனூண்டு பின்னால் விழுந்தது. ஆனால் அடுத்த 'தோன்' சரியாகத் தடத்தின் தலையில். அதாவது வட்டத்தின் வாயில் மட்டும் கணினியோடு கை குலுக்கிவிட்டு, உள்ளே தன் நடையில் நடந்தார். தடத்தைச் செய்த மாணவரிடம், நடுவில் ஓடிய ஹைஹாட் ஒலியை (டிரம் செட்டின் ஜோடித் தட்டு) எடுத்துவிடச் சொன்னார். எடுத்ததும் இரண்டும் இழுபறி இல்லாமல் ஓடின.

ஆக நேராக்க வேண்டிய அவசியமே இல்லை. கணினி எங்கே வாயை மூட வேண்டும் என்பதைத் தீர்மானித்தால் போதும்.

#20 மிக்சர் மேசை (சிங்கப்பூர்)

> நடுவில் ஓடிய ஹைஹாட் ஒலியை எடுத்துவிடச் சொன்னார்

இந்த சென்சேயை எங்கள் ஊருக்கு அனுப்புங்கள். எந்தக் கலப்பிலும் முதல் கேள்வி "யார் எதை நிறுத்துவது" என்பதுதான். அதை ஒத்திகையிலேயே முடிவு செய்தால் என் வேலை பாதி. இல்லையென்றால் மேடையில் என் கைதான் ஃபேடரைக் கீழே இழுத்து முடிவு செய்யும், அப்புறம் எல்லாரும் என்னைத் திட்டுவார்கள்.

#21 கஞ்சிராக்காரன் (திருச்சி)

மோண்டோ ஹெட்டை இப்போது மறுபடி கேட்டேன். அண்ணன் சொன்ன நெரிசல் உண்மைதான், சில தடங்களில் ஷிமேயும் கொங்காவும் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் பேசிக்கொண்டு ஒன்றையொன்று மறைக்கின்றன. ஆனால் தபலா வருகிற இடங்களைத் தனியாகக் கவனியுங்கள். பாயாவின் (தபலாவின் இடக்கை முரசு) வளைகிற ஒலிக்குத் தைக்கோவில் இணை எதுவும் கிடையாது. அதனால் மோதலும் கிடையாது. நெரிசல் வருவது ஒரே மாதிரிக் கருவிகள் சேரும்போது. சுருதி வளையாத தோலோடு சுருதி வளைகிற தோல் நன்றாகவே ஒட்டுகிறது.

ஜாஸ் பக்கம் ஒருவர் மிச்சம்: ஹயாஷி எய்டெட்சு. ஒண்டெக்கோசா, கொடோ இரண்டிலும் தொடக்க கால ஆள், 1982இல் தனியாகப் போனார். பியானோக்காரர் யமாஷிதா யோசுகேயோடு அவர் வாசித்ததைத் தேடிப் பாருங்கள். யமாஷிதா முழங்கையால் பியானோவைக் குத்துகிற ஆள். பியானோவும் அங்கே தாளவாத்தியம்தான்.

#22 பழைய கேசட் (மதுரை)

பாயா பற்றிச் சொன்னது சரி, அந்த இடங்களுக்காக ஆல்பத்தை விற்காமல் வைத்திருக்கிறேன். மற்ற தடங்களைப் பற்றி என் தீர்ப்பில் மாற்றமில்லை. ரீமிக்ஸ் ஆல்பத்தில் நான்கு தடம் தாண்டுவதற்குள் எழுந்து போய்விட்டேன். அந்தக் கணினிக் குரல் பெண்ணைப் பார்க்கிற தைரியம் இன்னும் வரவில்லை. 'யுமே நோ பஹூ' மட்டும் இரண்டாவது முறை ஓடிக்கொண்டிருக்கிறது. செல்வி அக்கா, இவர் ஹவாய்க்குப் போன பிறகு எழுதினவற்றில் அடுத்து எதைக் கேட்கலாம்?

அப்புறம் ஒரு உபரித் தகவல், இங்கே யாரும் சொல்லவில்லை. பெரிய முரசுக்கு ஏற்ற கெயாகி மரம் ஜப்பானில் அரிதாகிவிட்டது, ஓடைக்கோ பலவற்றை இப்போது ஆப்பிரிக்காவின் புபிங்கா மரத்தில் குடைகிறார்கள். இதை எனக்கு எதிராக யாராவது பயன்படுத்துவதற்கு முன்னால் நானே போட்டுவிடுகிறேன்.

#23 நிஷிகசாய் தமிழன் (டோக்கியோ)

அதைத்தான் அடுத்த பதிவுக்கு எடுத்து வைத்திருந்தேன் அண்ணே. கெடுத்துவிட்டீர்கள்.